தறிக்குழி மேல் நின்ற மாவு மிஷின்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மாவு மிஷினுக்குப் பெல்ட் மாற்றியது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் போயிருந்தது. அந்த வேலைக்கு அதுவும் வசதிதான். தெரியாமல் யாரும் சுவிட்சைத் தட்டிவிட முடியாது.

மோட்டாரைத் தாங்கும் தண்டவாளத்தின் மரைகளைத் தளர்த்தி, மோட்டாரை முன்னால் தள்ளினேன். பெல்ட் தொய்ந்தது. கையால் எடுக்கப் போனேன்.

"குறடால புடிச்சு இழுடி. கைய வெக்காத" என்றாள் அம்மா. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

"குறடால வராதும்மா."

"அப்ப பேப்பர் வெச்சுப் புடி."

பேப்பர் வைத்துப் பிடித்தேன். பேப்பர் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு மெழுகு, விரல் நகத்தளவு தடிமன். அதில் மாவு, தலைமயிர், ஒரு கரப்பானின் கால். வெயிலில் இளகி நாற்றம் அடித்தது. பழைய கறிப் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்ததுபோல.

அம்மா வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இயந்திரங்களைக் காகிதத்தில் வரைவது என் தொழில். காகிதத்தில் எந்தப் பெல்ட்டும் நாறுவதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் மிஷின். அப்பா கலியாணசுந்தரம் நெசவாளி. அவர் இறந்த மறுவருஷம், அவருடைய தறி நின்ற இடத்தில் அம்மா மிஷினை நிறுத்தினாள். எங்கள் ஊர்த் தறிக்குத் தரையில் குழி இருக்கும். நெய்கிறவர் அதற்குள் காலை விட்டுத்தான் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். அந்தக் குழியைச் செங்கல் உடைசலும் அடுப்புச் சாம்பலும் மணலும் போட்டு நிரப்பி, மேலே சிமெண்டு பூசினாள். மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளே மிதித்து இறுக்கினாள். இந்தக் குழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கையர்க்கரசி என்பது அவள் பெயர். தெருவில் மிஷின்காரம்மா. அவளுக்கு அருவருப்பு அதிகம். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. இந்த ஊரில் அருவருப்பு இல்லாமல் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து இட்டிலி சாப்பிடுவார்கள். வெற்றிலை எச்சிலை எங்கே துப்புகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். எலிப் புழுக்கை கலந்த அரிசியை அப்படியே மிஷினுக்குக் கொண்டுவருவார்கள்.

அம்மா தூக்கை வாங்கியதும் முறத்தில் கொட்டிப் பார்ப்பாள். புழுக்கை இருந்தால் திரும்பத் தூக்கிலேயே கொட்டுவாள்.

"உங்க ஊட்டு எலிக்கு எங்க மிஷின்ல இன்னா வேல? போய்ப் பொறுக்கிக்கினு வா."

"ஒண்ணு ரெண்டுதான்கா இருக்குது."

"ஒண்ணு ரெண்டுன்னா வாயில போட்டுக்க. நான் பாக்கறேன்."

இப்படிப் பேசினாலும் கூட்டம் குறையவில்லை. மிளகாய் அரைக்கிற நாள் வேறு, அரிசி அரைக்கிற நாள் வேறு என்று கடைசிவரை பிரித்து வைத்திருந்தாள். இடையில் கல்லைக் கழற்றித் துலக்குவாள். துலக்கிய கல்லை மோந்து பார்ப்பாள்.

ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு மாவு அரைப்பதுதான் அவளுக்குப் பெரிய வேலை. அம்மனுக்கு ஏற்றுகிற மாவிளக்குக்கான அரிசியை எங்கள் தெருவில் உரலில்தான் இடிப்பார்கள். மிஷின் வந்த புதிதில் ஒருத்தியும் விளக்கு அரிசியைக் கொண்டுவரவில்லை. மிஷினில் மாட்டுத்தோல் ஓடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மை. மிஷினோடு வந்தது தோல் பெல்ட். அம்மா அதைக் கழற்றி எறிந்தாள். செவிலிமேட்டு ரோட்டில் பட்டறை வைத்திருந்த சாமுவேலைக் கூப்பிட்டுக் கான்வாஸ் பெல்ட் போடச் சொன்னாள். இரண்டு முனைகளையும் வழக்கமாகத் தோல் வாரால் தைப்பார்கள். அதுவும் கூடாது என்றாள். சாமுவேல் இரும்புக் கிளிப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தெரு அம்மன் கோயிலில், பத்துப் பெண்கள் பார்க்க, அம்மா கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். என் மிஷினில் மாட்டுச் சம்பந்தம் எதுவும் கிடையாது. நான் அரைத்த மாவை நம்பி விளக்கு ஏற்றலாம்.

அதற்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள். மாகறலிலிருந்து செல்லியம்மாள்கூடப் பஸ் ஏறி வந்தாள். அவள் பயிர்செய்கிற குடும்பத்துப் பெண். அவள் பையனுக்குக் குழந்தையில் வயிறு ஊதி, பிழைக்க மாட்டான் என்று டாக்டர்கள் கைவிட்ட பிறகு பிழைத்தான். அதற்கு வேண்டுதல்: ஒவ்வோர் ஆடியிலும் அவனை அம்மன் முன்னால் படுக்கவைத்து, வயிற்றின் மேல் வாழையிலை போட்டு, அதன் மேல் மாவிளக்கு ஏற்றுவது. அந்த மாவு எங்கள் மிஷினில் அரைத்தது.

இனி மெழுகு.

பெல்ட் கொஞ்ச நாளிலேயே வழுக்க ஆரம்பித்தது. மோட்டார் ஓடும், கல் நிற்கும், துணி கருகுகிற வாடை வரும். சாமுவேல் பார்த்துவிட்டு, சோப்புக்கட்டி போல ஒரு மெழுகுக்கட்டி கொடுத்தார். பெல்ட் ஓடும்போது உள்பக்கத்தில் வைத்துத் தேய்த்தால் பிடிக்கும். பிடித்தது. மறுபடி வழுக்கியது. மறுபடி தேய்த்தாள். இப்படிப் பல வருஷம். வலது கையில் மெழுகு, அதே கையால் மாவை வழித்துத் தூக்கில் போடுவது.

போன சித்திரை வெயிலில் மெழுகுக்கட்டியை ஜன்னல் மாடத்தில் வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு பூனை வந்து அதை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா விரட்டினாள். திரும்ப வந்து நக்கியது. அம்மா பூனையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு கட்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, செவிலிமேட்டு ரோட்டுக்கு நடந்தே போனாள்.

"சாமுவேலு, பூனை மெழுகத் திங்குமாபா?"

"மெழுகத் திங்காதும்மா. இதுல கொழுப்பு கீதுல்ல, அதான்."

"எதோட கொழுப்பு?"

அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மாட்டுதும்மா. குங்கிலியம், எண்ண, கொழுப்பு மூணும் சேத்துக் காய்ச்சுவாங்க."

"இத்தினி வருசம் சொல்லலியே."

"பெல்ட்டுல தோல் வேணாம்னீங்க. வார் வேணாம்னீங்க. ரெண்டும் போடல. மெழுகப் பத்திப் பேச்சே வரலியேம்மா. உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன்."

அம்மா அவரைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தோல் உரியும்வரை தேய்த்தாள். நான் அடுத்த வாரம் வந்தபோது உள்ளங்கை சிவந்து புண்ணாக இருந்தது.

சித்தி தில்லையம்மாள் அப்போது வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. "அந்த ஆளு வேணும்னேதான் செஞ்சிருப்பான். நம்ம சாமி மேல அவனுக்கு இன்னா அக்கற" என்றாள்.

"வாய மூடுடி" என்றாள் அம்மா. "கேட்டதுக்கு உள்ளதச் சொன்னாரு. தேச்சது என் கை. கற்பூரம் அணைச்சதும் இந்தக் கைதான்."

நான் என் படிப்பைக் காட்டினேன். பெல்ட் ஒரு பக்கம் ஓடுகிறது, மாவு விழுகிற வாய் எதிர்ப்பக்கம், இரண்டும் தொடுவதில்லை என்று தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினேன்.

"என் கை எங்க? படத்துல காணமே" என்றாள்.

வரைபடத்தில் கையைப் போட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவள் முடிவு செய்துவிட்டாள். விளக்கு மாவு வாங்கிப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வது. ஆடி பிறப்பதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிடுவது. கடைசி ஆள்வரை சொல்லி முடிக்காமல் இனி ஒரு பிடி விளக்கு மாவும் அரைப்பதில்லை.

"சொன்னா மிஷின மூட வேண்டியதுதான்" என்றாள் சித்தி.

"மூடறேன்."

மிஷின் மூடப்படவில்லை. நடந்தது அதைவிடக் கேவலம்.

முதலில் பக்கத்துத் தெரு லோகாம்பாள். அம்மா சொல்லி முடிப்பதற்குள் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "இத்த ஏன்கா எங்கிட்ட வந்து சொல்றே? நீ சொல்லாத இருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப எங்க மாமியாக்காரிக்கு யாரு பதில் சொல்றது? தெருவுல சத்தமா பேசாத, போ."

அடுத்து ஜெயம்மாள். அவள் சிரித்தாள். "குளிக்கிற சோப்புலகூடத்தான் கொழுப்பு இருக்குதாம். அதுக்குன்னு குளிக்காமயா கீறோம்? உனக்கு வேற வேல இல்லக்கா."

கிருஷ்ணம்மாள் என்பவள், சத்தியத்தின்போது முன்வரிசையில் நின்றவள். அவள் அம்மாவை வாசலிலேயே நிற்கவைத்து, தண்ணீர் தெளித்துவிட்டுப் பேசினாள். மறுநாள் காலையில் அவள் மருமகள் கேழ்வரகுத் தூக்கோடு எங்கள் மிஷினில் வரிசையில் நின்றாள். இன்னொரு மிஷின் ரயிலடிப் பக்கம் இருக்கிறது. நடக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அருவருப்பாக இருந்தது. ஒருத்தியாவது கோபப்பட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். தூக்கை எட்டி உதைத்திருந்தால்கூட அம்மா சும்மா நின்றிருப்பாள். அவர்களுக்குக் கொழுப்பு பிரச்சினை இல்லை. அதைக் காதால் கேட்டதுதான் பிரச்சினை. ஆடி நெருங்க நெருங்க, ஒவ்வொருத்தியாக வந்து அம்மாவின் காதில் பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே பேச்சு. நடந்தது நடந்துவிட்டது, எங்கள் விளக்கு மாவை அரைத்துக் கொடுத்துவிடு, வெளியூர் ஆட்களிடம் மட்டும் சொல்லாதே. தெருவுக்கு அவமானம்.

"உங்க தெருவா சத்தியம் செஞ்சுது?" என்று கேட்டாள் அம்மா. "நான் செஞ்சேன்."

வெயிலில் நடந்தாள். மத்தியானம் கரண்ட் போகிற நேரம் பார்த்துக் கிளம்புவாள், மிஷினுக்கு நஷ்டமில்லாத நேரம் என்று. தாமல் கிராமத்தில் இரண்டு வீடு இருந்தது. அங்கேயும் போய்வந்தாள். அங்கே ஒருத்தி மோர் கொடுத்தாளாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இத்தனை வீட்டில் கிடைத்த நல்லது ஒரு சொம்பு மோர்.

மாகறலை மட்டும் கடைசியில் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பையனின் வயிற்றில் விளக்கு வைத்ததை அவள் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

பழைய பெல்ட்டைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். இரண்டு சக்கரங்களிலும் மெழுகு பொருக்காகப் படிந்திருந்தது. உளியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். மூன்று துணி ஆனது. அம்மா ஒவ்வொரு துணியையும் குச்சியால் எடுத்துக் கொல்லையில் போட்டு எரித்தாள்.

புது பெல்ட்டைப் போடுவதற்கு முன், பழையது ஏன் வழுக்கியது என்று பார்க்க நினைத்தேன். சரியான இழுப்பில், நேராக ஓடுகிற பெல்ட்டுக்கு மெழுகே தேவையில்லை. பழைய பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தது. பக்கவாட்டில் ஏறி ஓடியிருக்கிறது. பாவு நூல் ஒன்றை எடுத்து, மோட்டார் சக்கரத்தின் முகத்திலிருந்து மிஷின் சக்கரத்தின் முகத்துக்கு இழுத்துப் பிடித்தேன். ஒட்டவில்லை. மிஷின் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஒரு பக்கம் ஓடிப்போய் நின்றது.

மிஷினின் ஒரு பக்கம் ஒரு விரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. தறிக்குழி இருந்த பக்கம்.

அம்மாவிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். குழியில் போட்ட சாம்பலும் மணலும் அமுங்கிவிட்டன. மிஷின் சாய்ந்தது. சக்கரம் கோணியது. பெல்ட் வழுக்கியது.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா இருந்திருந்தா?"

"வழுக்கியிருக்காது."

"மெழுகு?"

"தேவப்பட்டிருக்காதும்மா."

"சீ" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அப்பவே உங்கப்பா தம்பி சொன்னாரு, கருங்கல் ஜல்லி போடுன்னு. சாம்பல் சும்மா கெடக்குதேன்னு அள்ளிப் போட்டேன்" என்றாள்.

பிடிப்பு மரைகளைத் தளர்த்தினோம். அம்மா கடப்பாரையை மிஷினின் அடியில் கொடுத்து, தன் முழு எடையையும் போட்டு அமுக்கினாள். மிஷின் கொஞ்சம் எழுந்தது. நான் இரும்புத் தகடுகளை உள்ளே தள்ளினேன். ஒன்று, பிறகு இன்னொன்று. குமிழி நடுவுக்கு வந்தது. அவள் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. கிழவிக்கு இத்தனை பலமா என்று கேலி செய்தேன்.

"கிழவி உங்க மாமியாரு" என்றாள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

புது பெல்ட்டை இரண்டு சக்கரத்தையும் சுற்றி அளந்து, மூலைமட்டம் வைத்து முனையை நேராக வெட்டினேன். இரும்புக் கிளிப்பை அடித்து, கம்பியைச் செருகி, மோட்டாரைப் பின்னால் இழுத்து மரைகளை இறுக்கினேன். கையால் சுற்றிப் பார்த்தோம். நடுவிலேயே நின்று சுற்றியது. கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டேன். அம்மா பக்கத்தில் குனிந்து மோந்தாள். புதுத் துணி வாடை.

"வெள்ளிக்கிழம மாகறல் போறேன்" என்றாள். "ஒரு படி அரிசி ஊற வெச்சு, நானே உரல்ல இடிச்சு எடுத்துக்கினு போறேன். இது வரைக்கும் அந்தப் புள்ள வயித்துல வெச்ச வெளக்குக்கெல்லாம் சேத்து அவ ஒரு வெளக்கு ஏத்திக்கட்டும். அவ ஏசினா ஏசட்டும்."

"நானும் வரேன்."

"நீ வேண்டாம். நீ படம் போட்டு வெளக்குவ."

அன்று ராத்திரி வண்டிக்கு நான் கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கிணற்றடியில் விழுந்தாள். கையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், விரலில் சாம்பல் இருந்தது. தந்தி கிடைத்து நான் வருவதற்குள் குளிப்பாட்டிவிட்டார்கள். இதயம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

சாவு வீட்டைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. ஒருவர் மிஷின் மேல் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அம்மா இருந்திருந்தால் எழுப்பியிருப்பாள். லோகாம்பாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "உன்ன மாதிரி சுத்தம் யாருக்குக்கா வரும்" என்று ராகம் போட்டாள். கதவைப் பாதி சாத்திய அதே கை. நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். கிருஷ்ணம்மாள் என் பின்னாலேயே வந்து, "ஆடி வருதே, வெளக்கு மாவு யாரு அரைப்பா?" என்று கேட்டாள். பிணம் இன்னும் எடுக்கவில்லை.

சாமுவேல் தெருவிலேயே நின்றார். சித்தி அவருக்கு நாற்காலி போடவில்லை. நான் போட்டேன். உட்காரவில்லை. கதவு வழியாக மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தகடு வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம். அடியில தறிக்குழி. அமுங்கியிருந்துச்சு."

"அடியில குழின்னு எங்கிட்ட யாரும் சொல்லலம்மா" என்றார். "சொல்லியிருந்தா மெழுகே குடுத்திருக்க மாட்டேன்."

அவரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நேர்மையானவர்கள்.

காரியம் முடிந்த மறுநாள் சித்தி அலமாரியை ஒழித்தாள். மேல் தட்டில் வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டை ஒன்று இருந்தது. பிரித்தாள். இடித்துச் சலித்த அரிசி மாவு, ஒரு படி. முடிச்சில் ஒரு வெல்லக்கட்டி, திரி நூல், ஒரு வில்லை கற்பூரம். புதன்கிழமையே இடித்து வைத்திருக்கிறாள். மாவு பழுப்பாகி, மேலே சின்னச் சின்ன வண்டுகள் ஊர்ந்தன. துணியின் மடிப்பில் புழு. ஊசிப்போன வாடை.

"வண்டு பூந்துக்கினு கெடக்குது பாரு" என்றாள் சித்தி. "கொட்டாத. சலிச்சா கோலத்துக்காவது ஆவும்."

நான் அவள் கையிலிருந்து மூட்டையை வாங்கினேன். வண்டு ஒன்று என் மணிக்கட்டில் ஏறியது. தட்டிவிட்டேன்.

"மாகறல்காரிக்கு நீ போய்ச் சொல்லப் போறியா இன்னா?" என்றாள். "அக்காவோட போவட்டும்டி அது. அந்தப் புள்ளதான் நல்லாக் கீறானே."

மூட்டையை மிஷின் மேல் வைத்தேன். பெல்ட் நேராக, சுத்தமாக நிற்கிறது. அதில் இன்னும் விளக்கு மாவு அரைக்கவில்லை. கடைசி ஆளுக்குச் சொல்லாமல் அரைக்கக் கூடாது என்பது அவள் வைத்த கட்டளை.

ஆடி பிறந்துவிட்டது. முதல் வெள்ளிக்கு முந்தின நாள் செல்லியம்மாள் அரிசித் தூக்கோடு காலை பஸ்ஸில் வருவாள். வருஷா வருஷம் அப்படித்தான் வருகிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.